கோலாவைத் தூக்க வேண்டாம், பாத்துட்டு வாங்க

ஆஸ்திரேலியா போய்ட்டு வந்த ஆள்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "கோலாவைத் தூக்கினீங்களா?" அடுத்த கேள்வி, "எங்க போனா தூக்கலாம்?" மகனோ மகளோ அங்க வேலையில இருக்கிற சென்னைக்காரங்க, கோயமுத்தூர்க்காரங்க நாலஞ்சு பேரு இதையே கேட்டுட்டாங்க. ஓபரா ஹவுஸ் முன்னாடி ஒரு படம், கங்காருவோட ஒரு படம், கோலாவை இடுப்புல வச்ச மாதிரி ஒரு படம். இந்த மூணும் இல்லைன்னா பிளேன் டிக்கெட் காசே வீண்ங்கிற மாதிரி ஆயிருச்சு.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். போங்க, பாருங்க, எவ்வளவு கிட்ட விடறாங்களோ அவ்வளவு கிட்ட நின்னு பாருங்க. தூக்காதீங்க. காசு வாங்கிட்டுத் தூக்கக் குடுக்கிற இடத்துலயும் தூக்காதீங்க.

மிருகத்தைத் தொட்டாலே பாவம்னு சொல்ற ஆள் இல்லைங்க நான். நாலு மாடு, பத்துப் பன்னெண்டு வெள்ளாடு வச்சுப் பண்ணையம் பாக்கிறவன். விடிஞ்சதும் கட்டுத்தரைக்குப் போய் மாட்டு மேல கை வச்சாத்தான் எனக்குப் பொழுதே தொடங்கும். மாட்டைத் தொட்டுப் பழகினதுனாலதான் கோலாவைப் பத்தி இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன்.

முதல்ல சட்டம் என்னன்னு பாத்துருவோம், ஏன்னா இதுல நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கு. ஆஸ்திரேலியா பூரா ஒரே விதி இல்ல, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ்லயும், மெல்பர்ன் இருக்கிற விக்டோரியாவுலயும் பொதுமக்கள் கோலாவைத் தூக்கக் கூடாது. சிட்னி டாரோங்கா பூங்காவுல பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கலாம், அதோட சரி. பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் இருக்கிற குவீன்ஸ்லாந்துல தூக்கலாம்னு சட்டம் இருக்கு. அதுக்கும் கணக்கு வச்சிருக்காங்க. ஒரு கோலாவை ஒரு நாளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல ஆளுங்க கையில குடுக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு 180 நிமிஷம்தான். தொடர்ந்து மூணு நாள் 'வேலை' பாத்துச்சுன்னா அடுத்த நாள் லீவு. நம்ம ஊர்ல காட்டு வேலைக்கு வர்ற ஆளுக்கு எழுத்துல இப்படி ஒரு கணக்கு கிடையாது!

ஆனா குவீன்ஸ்லாந்துலயே காத்து மாறி அடிக்குது. பிரிஸ்பேன்ல லோன் பைன் கோலா சரணாலயம்னு ஒண்ணு இருக்கு. உலகத்துலயே முதல்ல ஆரம்பிச்ச கோலா சரணாலயம் அதுதான், 1927-ல. ஊருக்கே அடையாளம். பல வருஷமா உலகத்து ஆளுங்க எல்லாம் அங்கதான் கோலாவைத் தூக்கிப் படம் எடுத்துக்கிட்டாங்க. அந்த சரணாலயமே 2024-ல தூக்கறதை நிறுத்திருச்சு. வர்றவங்களோட மனசு மாறியிருக்கு, கிட்டப் பாத்தாப் போதும்னு நினைக்கிறவங்க அதிகமாயிட்டாங்கன்னு காரணம் சொன்னாங்க. சட்டம் இன்னும் விடுது, ஆனா வேண்டாம்னு அவங்களா நிறுத்தினாங்க. அந்த மாநிலத்துல வேற சில பூங்காக்கள்ல இன்னும் தூக்கக் குடுக்கிறாங்க.

மகள் பிரிஸ்பேன்ல இருக்கிறதுனால ரெண்டு மாசம் அங்க இருந்தேன். அப்படித் தூக்கக் குடுக்கிற ஒரு பூங்காவுக்கும் போனோம். பேரு வேண்டாம், விதி மீறி ஒண்ணும் செய்யல அவங்க. வரிசையில நிக்கணும். முறை வந்ததும் அந்தப் பொண்ணு சொல்லும், "மரம் மாதிரி நில்லுங்க, ஆடாதீங்க." ரெண்டு கையையும் வயித்துக்கிட்ட ஒண்ணு மேல ஒண்ணா, உள்ளங்கை மேல பாக்க வைக்கச் சொல்லும். கோலாவைக் கொண்டாந்து அந்தக் கையில உக்கார வைக்கும். அது முன்னங்கால் ரெண்டையும் நீட்டி உங்க தோளைப் புடிச்சுக்கும். பளிச் பளிச்னு ரெண்டு படம். அவ்வளவுதான், அடுத்த ஆளு. எண்ணிப் பாத்தேன், ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மா, கையில வாங்கினதும் கண்ணு கலங்கிட்டாங்க. "கட்டிப் புடிச்சுக்குது பாருங்க, என்ன பாசம்!"னு வீட்டுக்காரரைப் பாத்துச் சொன்னாங்க. அவங்க சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரல. ஆனா அது பாசம் இல்ல. மரத்தைப் புடிக்கிற பிடி அது.

கோலா மரத்தைக் கட்டிப் புடிக்கிறதுக்கே வேற காரணமும் இருக்கு. வெயில் காலத்துல மரத்தோட அடித்தண்டு காத்தை விடக் குளிர்ச்சியா இருக்கும். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கினா உடம்புத் தண்ணி வீணாகும்ல? அதுக்குப் பதிலா வயித்தையும் மார்பையும் தண்டு மேல அப்பி வச்சுக் கிடந்து உடம்புச் சூட்டை இறக்கிக்கும். நாம அதைப் பாத்து, "ஆஹா, அணைப்பு"ன்னு பேரு வச்சுட்டோம்.

என் வாதத்துக்கு இதுதான் அடிப்படை. ஒரு உயிர் அமைதியா இருக்குதுன்னா, அது நல்லா இருக்குதுன்னு அர்த்தம் இல்ல. மாடு வச்சிருக்கிறவனுக்கு இது தெரியும். சந்தையில புதுசா வாங்கிட்டு வந்த மாடு முதல் நாள் சத்தமே போடாம நிக்கும். பட்டணத்துல இருந்து வந்த சொந்தக்காரங்க, "எவ்வளவு சாதுவா இருக்குது"ம்பாங்க. அது சாது இல்ல. புது இடம், புது ஆளு, பயத்துல விறைச்சுப் போய் நிக்குது. காதைப் பாருங்க, கண்ணோட வெள்ளையைப் பாருங்க, தீனி எடுக்குதான்னு பாருங்க. மூணு நாள் கழிச்சு அசை போட ஆரம்பிக்கும்போதுதான் அது வீட்டுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். பேசாத உயிரைப் பொறுத்தவரைக்கும் அசையாம நிக்கிறதும் ஒரு பேச்சுதான்.

கோலாவுக்கோ முகமே பொம்மை மாதிரி. பெரிய மூக்கு, பஞ்சுக் காது, தூங்கி வழியற கண்ணு. கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் நமக்கு அது ஒரே மாதிரிதான் தெரியும். விக்டோரியாவுல பூங்காவுல இருக்கிற கோலாக்களைக் கவனிச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சு 2014-ல வெளியிட்டிருக்காங்க. பக்கத்துல வர்ற ஆளுங்க கூடக் கூட, சத்தம் கூடக் கூட, அதுங்க முழிச்சு எச்சரிக்கையாக் கவனிக்கிற நேரமும் கூடிருச்சு. தூக்கறது கூட இல்ல, சும்மா கூட்டமா நின்னு சத்தம் போட்டதுக்கே!

"அஞ்சு நிமிஷம் முழிச்சிருந்தா என்ன ஆயிரப் போகுது, நாள் பூரா தூங்கத்தானே செய்யுது"ன்னு என் மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. பதில் அது திங்கிற தீனியில இருக்கு.

கோலா திங்கிறது யூகலிப்டஸ் இலை. நம்ம தைலமரம். நீலகிரியில கற்பூர மரம்னு சொல்லுவாங்க. பட்டணத்து ஆளுங்களுக்குத் தைலம்தான் தெரியும், இலையைப் பத்தி நான் சொல்றேன். ஆடு எதை வேணும்னாலும் கடிக்கும், போஸ்டரைக்கூட விடாது. ஆனா தைலமர இலையை எங்க வெள்ளாடு மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கும். அவ்வளவு காரம், அவ்வளவு நார், உள்ள விஷச் சத்து வேற. சத்துன்னு பாத்தா ரொம்பக் கம்மி. பெரும்பாலான மிருகங்க சீந்தாத இந்த இலையைத் தின்னு வாழப் பழகிக்கிட்ட ஜீவன் கோலா. ஒரு நாளைக்கு அரைக் கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் திங்கும். மாட்டுக்கு முன்னாடி இரைப்பையில நடக்கிற வேலை, கோலாவுக்குப் பின்னாடி குடல்ல நடக்குது. அதுக்குன்னே ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு குடல் பை இருக்கு. நம்ம உயரத்தை விட நீளம், அவ்வளவு சின்ன உடம்புக்குள்ள. அங்க கிருமிங்க கூடி மெதுவா, ரொம்ப மெதுவா இலையைச் செரிக்க வைக்குது.

இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கிற சக்தி கொஞ்சம்தான். அதனாலதான் ஒரு நாளைக்கு 18, 20 மணி நேரம் தூக்கம். அது சோம்பேறித்தனம் இல்லைங்க, சிக்கனம். வருமானம் கம்மியா இருக்கிற குடும்பம் எப்படிச் செலவைச் சுருக்கி ஓட்டுமோ அப்படி. முழிச்சிருந்து பயப்படறதும் அதுக்குச் செலவுதான்.

குட்டி வளர்ற கதையும் எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. பொறக்கும்போது ரெண்டு சென்டிமீட்டர், அவரைக்கொட்டை அளவு. ஒரு கிராம் கூட இருக்காது. கண்ணு தெரியாது. தானா ஊர்ந்து போய்த் தாயோட வயித்துப் பைக்குள்ள ஏறி, ஆறு மாசம் உள்ளயே பால் குடிச்சு வளரும். அப்புறம் இலைக்கு மாறுறதுக்கு முன்னாடி, தாய் 'பாப்'னு ஒண்ணு குடுக்கும். வழக்கமாப் போடற புழுக்கை இல்ல, தாயோட குடல்ல இருந்து வர்ற கூழு. இலையைச் செரிக்க வைக்கிற கிருமிங்க அது வழியாத்தான் குட்டியோட வயித்துக்குப் போகுது. எங்க வீட்டம்மா கேட்டுட்டு மொகத்தைச் சுளிச்சா. கன்னுக்குட்டிக்குச் சீம்பால் விடாமப் போனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா, அந்த மாதிரிதான் இதுவும்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல.

இன்னொண்ணு, கோலா கரடி இல்ல. பேப்பர்ல எல்லாம் 'கோலா கரடி'ன்னுதான் போடறாங்க. கங்காரு மாதிரி பை உள்ள இனம், வாம்பட்டுன்னு மண்ணைத் தோண்டி வாழற ஒண்ணுதான் அதுக்கு நெருங்கின சொந்தம். பொம்மைக் கரடி மாதிரி இருக்குதேன்னு தூக்கத் தோணுது பாருங்க, அந்தப் பேரும் அதுக்கு ஒரு காரணம்.

இப்ப எதிர்த் தரப்பையும் சொல்லணும், இல்லைன்னா நியாயம் ஆகாது. அந்த ஊர்ல கோலா இன்னைக்கு மிஞ்சியிருக்கிறதுக்கு, அதைப் பாக்க வந்த ஜனங்களோட பாசமும் ஒரு காரணம். லோன் பைன் ஆரம்பிச்ச அதே 1927-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம் என்ன நடந்துச்சு தெரியுமா? குவீன்ஸ்லாந்து அரசாங்கம் ஒரு மாசத்துக்குக் கோலா வேட்டைக்கு அனுமதி குடுத்துச்சு, தோலுக்காக. கஷ்டத்துல இருந்த நாட்டுப்புறத்து ஜனங்களுக்கு வருமானம்னு சொன்னாங்க. அந்த ஒரு மாசத்துல அஞ்சு லட்சத்துக்கும் மேல கொன்னுட்டாங்க. அந்த ஊர் ஜனங்களே கொதிச்சுப் போய்ச் சத்தம் போட்டாங்க. அதுக்கப்புறம் அப்படி ஒரு வேட்டைக்கு அனுமதியே குடுக்கல. அந்தக் காலத்துல கிளாட் ரீட்னு ஒருத்தர் ஜாக், ஜில்னு ரெண்டே ரெண்டு கோலாவை வச்சுக்கிட்டு, ஆத்தோரத்துல ஒத்தைப் பைன் மரம் நின்ன இடத்துல ஆரம்பிச்சதுதான் லோன் பைன். இன்னைக்கு நூத்துக்கும் மேல கோலா இருக்கு அங்க. தோலுன்னு பாத்த ஜனங்களை உயிருன்னு பாக்க வச்சதுல அந்த மாதிரி இடங்களுக்குப் பங்கு உண்டு. இதை நான் மறுக்கல.

காசுக் கணக்கும் இருக்கு. கோலாவுக்குத் தீனி போடறது சாதாரணச் சமாச்சாரம் இல்ல. யூகலிப்டஸ் இனம் நூத்துக்கணக்குல இருக்கு, அதுல கோலா விரும்பித் திங்கிறது கொஞ்சம்தான். அதுலயும் இன்னைக்குத் தின்ன இலையை நாளைக்கு வேண்டாம்னு தள்ளும். அதனால தோப்பு வளர்த்து, தினம் தினம் கிளை வெட்டிக் கொண்டாந்து, நாலஞ்சு வகையாத் தண்ணிக் குழாய்க்குள்ள சொருகி, வாடாம வைக்கிறாங்க. லோன் பைன்ல கோலாவை விட அந்தக் கிளைகளைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன். தளிரா, முத்தலான்னு பாத்துப் பாத்து வெட்டியிருந்தாங்க. தட்டு அறுத்துத் தலையில சுமந்தவனுக்குத்தான் அந்த வேலையோட அருமை தெரியும். எங்க மாட்டுக்குத் தட்டைத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு நாலு வகைத் தீனி, அதுவும் தினமும் புதுசா.

இந்தச் செலவுக்கு நாம குடுக்கிற டிக்கெட் காசு வேணும். அதனாலதான் போகாதீங்கன்னு நான் சொல்லல. நுழைவுச் சீட்டு எடுங்க, அங்க இருக்கிற கடையில ஒரு பொம்மை வாங்குங்க, தூக்கறதுக்குக் குடுக்கிற தனிக் கட்டணத்தை நன்கொடை உண்டியல்ல போடுங்க. தூக்காட்டியும் கூட்டம் வரும்னு நம்பித்தானே நூறு வருஷத்துப் பேரு வச்சிருக்கிற சரணாலயமே நிறுத்தியிருக்கு?

"பொறந்ததுல இருந்து ஆளுங்களோடயே வளர்ந்தது, பழக்கம் ஆயிருச்சு"ன்னு அங்க வேலை பாக்கிறவங்க சொல்றாங்க. பராமரிக்கிற அந்தப் பொண்ணுகிட்ட அது பழகியிருக்கும். நான் சந்தேகப்படல, அதுங்க தூக்கும்போதே தெரியுது. எங்க மாடும் எங்கிட்டயும் வீட்டம்மாகிட்டயும் பழகினதுதான். அதுக்காகத் தெருவுல போற நூறு பேரு வரிசையா வந்து அது கழுத்தைக் கட்டிக்கலாமா? மாடு பல ஆயிரம் வருஷமா மனுஷனோட ஒரு ஒப்பந்தத்துல இருக்கு. நான் தீனி போடறேன், நோய் பாக்கறேன், காவல் இருக்கறேன். அது பால் குடுக்குது, சாணி குடுக்குது. சரியோ தப்போ, ரெண்டு பக்கமும் குடுக்கல் வாங்கல் இருக்கு. கோலாவோட நாம அப்படி எந்த ஒப்பந்தமும் போடல.

அதுங்களாவே கிட்ட வர்ற உயிர்கள் உண்டு. அதுக்கு அதே குவீன்ஸ்லாந்துல எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு கதை இருக்கு. கோல்ட் கோஸ்ட்ல கரம்பின் சரணாலயம். 1947-ல அலெக்ஸ் கிரிஃபித்ஸ்னு ஒருத்தர், தேனீ வளர்க்கிறவர், பூ விவசாயி. அவர் தோட்டத்துப் பூவை எல்லாம் லோரிகீட்னு ஒரு பச்சை, நீலம், ஆரஞ்சுக் கிளி வந்து நாசம் பண்ணியிருக்கு. வேற ஒருத்தரா இருந்தா வலை போட்டிருப்பாரு, இல்ல துப்பாக்கி எடுத்திருப்பாரு. இவர் தோட்டத்துக்கு வெளிய தனியா ஒரு இடத்துல அதுங்களுக்குத் தீனி வைக்க ஆரம்பிச்சாரு. பூவை விட்டுட்டு அங்க போகட்டும்னு. கிளிங்க கூட்டம் கூட்டமா வர, அதைப் பாக்க ஜனங்க வர, கடைசியில அது பெரிய சரணாலயம் ஆயிருச்சு. அதை 1976-ல பொதுச் சொத்தா, நேஷனல் டிரஸ்டுக்குக் குடுத்துட்டாரு. மயிலு பயிரைத் தின்னுட்டுப் போறதைப் பாத்து வயிறெரியற எனக்கு, அந்த ஆளு மேல ஒரு தனி மரியாதை. அவ்வளவு பொறுமை எனக்கு வராது.

அங்க தட்டுல தீனியை வச்சுக்கிட்டு நின்னா, கிளிங்க வானத்துல இருந்து இறங்கி உங்க கை மேலயும் தலை மேலயும் உக்காரும். பேத்திக்குத் தலைமுடியைப் புடிச்சு இழுத்துருச்சு, "அப்புச்சி, அப்புச்சி"ன்னு ஒரே கத்தல், சிரிப்பு. கோலாவைத் தூக்கறதை விட இது நூறு மடங்கு நெருக்கம். வேணும்னா வந்துச்சு, வேண்டாம்னா பறந்துச்சு. லோன் பைன்ல கங்காருவும் அப்படித்தான். பெரிய புல்வெளியில சுத்திட்டிருக்கும், கையில தீனி வச்சுக்கிட்டு உக்காந்தா வந்து திங்கும். போதும்னா நம்ம ஆளுங்க போகக் கூடாத பக்கம் தள்ளிப் போய்ப் படுத்துக்கும். வர்றதும் போறதும் அதோட இஷ்டமா இருக்கணும், அதான் என்னோட அளவுகோல். வரிசையில நின்னு கைக்குக் கை மாத்தற கோலாவுக்கு அந்த இஷ்டம் இல்ல.

ஒரு விஷயம் சிரிப்பா இருக்கும். 1983-ல அந்த நாட்டுச் சுற்றுலா மந்திரியாவே இருந்த ஜான் பிரவுன், கோலா நாறும், பிறாண்டும், மேல மூத்திரம் பெய்யும், உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சின்னு பேசிப் பெரிய ரகளை ஆயிருச்சு. சுற்றுலாவுக்குக் கூப்பிட வேண்டிய மந்திரியே இப்படியான்னு. ஆனா 2014-ல பிரிஸ்பேன்ல ஜி20 மாநாடு நடந்தப்ப ஒபாமாவும் புடினும் ஆளுக்கொரு கோலாவை வச்சு நின்ன படம் உலகம் பூராப் போச்சு. மந்திரி சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கு? படம்தான் நிக்குது.

உங்களுக்கு நேரமும் காலும் இருந்தா, காட்டுல போய்ப் பாருங்க. டவுன்ஸ்வில்லுக்கு எதிர்ல மேக்னடிக் தீவுல ஃபோர்ட்ஸ் வாக்னு ஒரு நடைபாதை இருக்கு, ரெண்டாம் உலகப் போர்க் காலத்துக் கோட்டை வரைக்கும் போகும். வழியில கோலா பாக்க நல்ல வாய்ப்பு உண்டு. மெல்பர்ன் பக்கம் இருக்கிறவங்க ஃபிலிப் தீவுல மரத்து உயரத்துக்கே போட்ட மரப்பாலத்துல நடந்து பாக்கலாம். பெயின்ஸ்வில்ல இருந்து படகுல ரேமண்ட் தீவுக்குப் போனா, வீட்டுத் தெருவுல இருக்கிற மரத்துலயே உக்காந்திருக்கும். தலையைத் தூக்கி மட்டும் தேடாதீங்க. கீழ புழுக்கை கிடக்குதா, தண்டுல நகக் கீறல் இருக்குதான்னு பாருங்க. தடம் பாக்கத் தெரிஞ்சவனுக்குக் காடு சுலபம். பாத்துட்டீங்கன்னா மரத்தைத் தட்டாதீங்க, ஃபிளாஷ் அடிக்காதீங்க. வெயில்ல ஒண்ணு கீழ இறங்கி வந்து தவிச்சா, பாட்டிலை வாயில வச்சு ஊத்தாதீங்க. தலையைத் தூக்கிக் குடிச்சா நுரையீரலுக்குத் தண்ணி போயிரும்னு டாக்டருங்க சொல்றாங்க. ஒரு பாத்திரத்துல ஊத்தி வச்சுட்டுத் தள்ளி நிக்கணும். கன்னுக்கு மருந்து ஊத்தறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், பொறை ஏறினாப் போச்சு.

தூக்கறதா வேண்டாமாங்கிறதை விடப் பெரிய விஷயமும் ஒண்ணு இருக்கு. 2022 பிப்ரவரியில குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெராப் பகுதி கோலாக்களை அழியும் நிலையில இருக்கிற இனம்னு அந்த நாட்டு அரசாங்கம் அறிவிச்சுது. பத்து வருஷத்துக்கு முன்னாடி, 2012-ல, அதை விட ஒரு படி கீழதான் வச்சிருந்தாங்க. 2019–20 காட்டுத் தீ ஒரு காரணம். கிளமிடியாங்கிற நோய், ரோட்டுல அடிபடறது, நாய் கடிக்கிறது எல்லாம் இருக்கு. ஆனா ஆணிவேர் மரம். வீடு கட்ட, மாடு மேய்க்க, மரத்தை வெட்டிட்டே இருக்காங்க. மாடு வச்சிருக்கிற எனக்கு இதை எழுதும்போது கொஞ்சம் தொண்டையில சிக்குது. அந்த விவசாயியைத் திட்டிட்டுப் போக எனக்கு வாய் வரல. கடன் இருக்கும், வறட்சி இருக்கும், மரம் நிக்கிற நிலத்துல புல்லு கம்மியா இருக்கும். நானும் அந்தக் கணக்கைப் போடறவன்தான்.

அதே விவசாயிங்க மாத்தியும் செஞ்சிருக்காங்க. நியூ சவுத் வேல்ஸ்ல குன்னடான்னு ஒரு விவசாய ஊரு. மண்ணுல உப்பு ஏறுதுன்னு 1990-கள்ல அந்தப் பக்கத்து விவசாயிங்க மரம் நட்டாங்க. கோலாவுக்காக நடல, மண்ணுக்காகத்தான். மரம் வளர, கோலா தானா வந்துருச்சு. ஊரே 'கோலா தலைநகரம்'னு பேரு வச்சுக்கிச்சு. அப்புறம் 2009-ல அடிச்ச வெயில்ல நிறையச் செத்துப் போச்சு. இலையில இருக்கிற ஈரமே போதும்னு இருந்த ஜீவன், இலை காஞ்சா என்ன செய்யும்? அங்க ஒரு விவசாயி தன் காட்டுல மரத்து மேல தண்ணித் தொட்டி அமைச்சு வைக்க, சிட்னி பல்கலைக்கழகத்துக்காரங்க கேமரா வச்சுக் கவனிச்சிருக்காங்க. கோலா ராத்திரியில வந்து வந்து குடிச்சிருக்கு. ஒரு ஆளும் அதைத் தூக்கல, கொஞ்சல. எனக்கு அந்தத் தொட்டிதான் கோலா மேல வச்ச பாசம்னு படுது.

நம்ம பக்கத்தையும் சொல்லாம விட முடியல. 1840-கள்ல வெள்ளைக்காரங்க அந்த மரத்தை நீலகிரிக்குக் கொண்டாந்தாங்க. இன்னைக்கு நம்ம சமவெளியிலயும் தைலமரக் காடு. மேல பறவை கூடு கட்டறது அபூர்வம், கீழ புல்லு முளைக்காது, ஆடு கடிக்காது. அங்க அதே இனத்து மரம் ஒரு உயிருக்குச் சோறு, வீடு, தண்ணி எல்லாம். மரத்தை மட்டும் பிடுங்கிட்டு வந்தோம், அதை நம்பின உலகத்தை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். பிரிஸ்பேன்ல பாத்தப்புறம்தான் அந்த மரத்து மேல எனக்கிருந்த கோபம் கொஞ்சம் அடங்குச்சு.

நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை வழியாக் கார்ல போறவங்க போர்ட் மக்வாரியில நிறுத்துங்க. 1973-ல ஆரம்பிச்ச கோலா ஆஸ்பத்திரி ஒண்ணு அங்க இருக்கு, தன்னார்வலர்களை நம்பி ஓடற இடம். தீயில வெந்தது, கார்ல அடிபட்டது, நோய் வந்ததுன்னு சிகிச்சையில இருக்கும். வேலிக்கு வெளிய நின்னுதான் பாக்க முடியும். அங்க வர்ற ஒவ்வொரு கோலாவுக்கும் ரெண்டு பேரு. முதல் பேரு அது கிடைச்ச இடம், ரெண்டாவது அதைக் காப்பாத்திக் கொண்டாந்தவங்க சார்புல வைக்கிற பேரு. 2019 நவம்பர்ல எரியற காட்டுக்குள்ள ஒரு அம்மா தன் சட்டையைக் கழட்டிப் போத்தித் தூக்கிட்டு வந்தாங்களே ஒரு கோலா, அதுக்கு எல்லன்பரோ லூயிஸ்னு பேரு. புண்ணு ஆறாம சில நாள்ல போயிருச்சு.